தேதி போட்ட குழாய்

என் வாலுத் தங்கைக்கு,

மூன்று தாளைக் கிழித்தாயிற்று. ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன்.

நான் இங்கே ஆராயும் எலிகளின் நுரையீரலுக்கு வைரஸ் வந்து போனால், காவலுக்கு இருந்த பழைய செல்கள் பல செத்து, ரத்தத்திலிருந்து புதியவை வருகின்றன. வைரஸ் போய் மாதக்கணக்கானாலும் அவை அடங்குவதில்லை. துளி தூசிக்கே எகிறுகின்றன. நம் பையனுக்கு இன்னும் மூச்சு இழுப்பதும் அதனால்தானோ என்னவோ. நேற்று, "சித்தி ஏம்மா வரவே மாட்டேங்கிறாங்க?" என்றான். இன்ஹேலரைக் குலுக்கிப் பேச்சை மாற்றினேன்.

நான்கு வருடத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை, தும்மிக்கொண்டே வந்து கைக்குழந்தையைத் தூக்கினாய். மறுநாள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நீதான் கொண்டாந்து ஒட்டவச்சே, இனி இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று கத்தினேன்.

இன்று ஆய்வக உறைபெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு சோதனைக் குழாய் கிடைத்தது. அவனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியபோது நானே எடுத்த சளி. என் கையெழுத்தில் தேதி: நீ வருவதற்கு முந்தின நாள். அந்த வாரம் வீட்டில் முதலில் ஜலதோஷம் பிடித்ததும் எனக்குத்தான்.

'மறந்துவிட்டேன்' என்று எழுதியதால்தான் மூன்று தாளும் கிழிந்தன. மறக்கவில்லையடி. கத்தும்போதே தெரியும்.

தும்மினாலும் பரவாயில்லை, வா.

உன் அக்கா