நிற்கிறதும் இருக்கிறதும்

இஞ்சாருங்கோ,

விசாவுக்கான ஆங்கிலச் சோதனையில் இந்த முறையும் தவறிவிட்டேன். இது மூன்றாம் தரம். திட்டுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நீர்வேலியில் உங்கள் வீட்டில், மாமியோடு 'ஸ்டே' பண்ணுகிறேன் என்றேன். திரும்பி வந்து அதைச் சொன்னதும் மானிப்பாய் ரியூசன் ரீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எத்தினை தரம் சொன்னனான் பிள்ளை? கொஞ்ச நாள் வந்து நிக்கிறதுதான் ஸ்டே. குடியிருக்கிறது லிவ். ஆறு வருசமா அங்கைதானே இருக்கிறீர்?"

நான் இருக்கவில்லை. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நிற்கிறேன். என் சூட்கேஸ் இன்னும் அடுக்கியபடியேதான் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

நீங்களும் லண்டனில் சிநேகிதனின் அறையில் ஸ்டே பண்ணுவதாகத்தான் சொல்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைக்கும்போது உங்களுக்குப் பின்னால், யன்னலோரத்துச் சாடியில் ஒரு கறிவேப்பிலை மரத்தைக் கண்டேன். உங்கள் தோளுயரம் இருக்கும். அந்தக் குளிரில் அது அவ்வளவு வளர எத்தனை வருடம் பிடித்திருக்கும்?

இங்கே ஒரு வாழைக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத மனிதர் நீங்கள். அதற்கு யார் ஊற்றுகிறது? தமிழிலேயே சொல்லுங்கள். எனக்கு விளங்கும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இன்னும் நிற்கிறவள்