ஜோஸ்பினின் முதல் ஸ்கேன்

உஷா,

தண்ணீர் பிடித்தாயிற்று. பால் காய்ச்சியாயிற்று. இட்லி குண்டானில் இருக்கிறது. பாப்பாவுக்கு நீயே தலை வாரிவிடு, எனக்கு வகிடு நேராக வரவில்லை. நான் திருவாண்டார்கோயில் கம்பெனிக்குக் கிளம்புகிறேன்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வருவாள். உன் அக்கா வெளி லேபில் எடுத்த முதல் மார்பு ஸ்கேன் அவர்களிடம் இல்லை. சிடி பீரோ மேல் இருக்கிறது, கொடுத்துவிடு. சம்மதத் தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தை வைத்தே புற்றுநோய் மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்கள். ஜோஸ்பினுக்குக் கேட்கவில்லை என்பது நமக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

“அக்காவோட மார கண்டவனும் பாக்கணுமா மாமா?” என்று நேற்றுக் கத்தினாய். படத்தில் பெயர் இருக்காது. கறுப்பு வெள்ளையில் புகை மாதிரி இருக்கும். எனக்கே அது அவள் என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணைத் திட்டாதே. டீ கொடு.

பி.கு.: சாகும் முன் அக்கா இதற்குச் சம்மதம் சொன்னாளா என்று கேட்டாய். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசியாக அவள் சொன்னது இதுதான்:

“எவ்ளோ நேரம் நின்னுகினே இருப்ப? காலு வலிக்கும், ஒக்காருய்யா.”