உள்ள வேலை நடக்குது

அண்ணா,

திண்டிவனம் மார்க்கெட்டில் செக்கு எண்ணெய்க் கடையைத் தாண்டும்போது விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். "என்னா வேணுங்க?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. நீ போன பிறகும் உன்னைத் திட்டவேண்டியிருக்கிறது.

முழுப் பரீட்சை லீவு விட்டதும் அம்மா நம் இரண்டு பேருக்கும் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பாளே, நினைவிருக்கிறதா? நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுவேன். நீ ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவாய். ஓடி ஓடித் துவண்டு வந்து விழுந்தால், "மருந்து நல்லா புடிச்சிக்கிச்சு" என்று அம்மா சந்தோஷப்படுவாள். வயிறு போனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அது உன் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நுரையீரல் புற்றுக்குப் பாண்டிச்சேரியில் உனக்கு இம்யூனோதெரபி ஊசி போட்டார்கள். முகையூரிலிருந்து நீ விழுப்புரம் வருவாய். நான் திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்வேன். கட்டி சுருங்கி ஊசியை நிறுத்திய அன்று டாக்டரம்மா சொன்னதை நானும் கேட்டேன். "ஊசி நின்னாலும் அது உசுப்பிவிட்ட எதிர்ப்பு சக்தி உடம்புல மாசக்கணக்கா வேலை செய்யும். சில பேருக்கு வருஷக்கணக்குல கூட. அது நல்ல உறுப்பையும் தாக்கலாம். வயிறு போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரணும்." நீ முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தாய்.

சில மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் நான் முகையூர் வந்தபோது உன் கண் குழிந்து கிடந்தது. அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு வாரமா வயிறு நிக்கல. ரத்தமும் கலந்து போவுது. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்று அழுதார். நீயோ சிரித்தாய்.

"ஏன் பேஜாரு பண்ற பாப்பா? உள்ள வேலை நடக்குது. மிச்சம் மீதியெல்லாம் கழுவிக்கினு போவுது."

உன்னை அடிக்கலாம் போலிருந்தது. கார் பிடித்து ஏற்றினோம். விழுப்புரம் வருவதற்குள் நீ துவண்டு சாய்ந்துவிட்டாய். பக்கத்திலிருந்த கிளினிக்கில் இறக்கினோம். "வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நிறுத்தியாச்சு" என்றாய்.

நான் கத்திவிட்டேன். "நிறுத்தினதெல்லாம் ஊசிதாங்க. அதோட வேலை இன்னும் நிக்கல." என்ன ஊசி என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. சலைன் பாட்டிலைக் கையோடு மாட்டி, "இங்க வெச்சிக்கக் கூடாது, ஜல்தியா பாண்டிக்குப் போங்க" என்றார்.

பாண்டிச்சேரியில் டாக்டரம்மா உன்னைத் திட்டவில்லை. "எதிர்ப்பு சக்தி உங்க குடலையே அடிக்குது. ஸ்டீராய்டு போட்டு அடக்கணும். தள்ளிப்போட்டா குடல் ஓட்டையாயிடும்."

நீ கேட்டாய், "அத அடக்கினா புத்துநோய் திரும்பி வந்துடுமாங்க?"

"நெறைய பேருக்கு வர்றதில்ல. உங்களுக்கு எப்படின்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

நர்ஸ் ஊசியோடு நின்றார். நீ என்னைப் பார்த்தாய். எதற்கும் என்னை யோசனை கேட்காதவன், "நீ சொல்லு பாப்பா" என்றாய். அவர்கள் காத்திருந்தார்கள். "போட்டுக்கோ" என்றேன்.

வயிறு நின்றது. கேப்பைக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தாய். அந்தப் போகம் வேர்க்கடலை பிடுங்கும்போது வரப்பில் நின்று ஆட்களை விரட்டினாய். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி தெரிந்தது. ஸ்டீராய்டு போட்டதாலா என்று டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. அன்னைக்குப் போடலன்னா அப்பவே போயிருப்பாரு" என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். மனசு ஒப்பவில்லை.

உன்னிடம் நான் அதை வாய்விட்டுக் கேட்கவே இல்லை. ஆனாலும் கடைசி வாரத்தில் நீயாகவே சொன்னாய்.

"அதையே நெனச்சிக்கினு இருக்காத பாப்பா. நீ போட்டுக்கோன்னு சொன்னதாலதான் மல்லாட்டை புடுங்கறத இன்னொரு தபா பார்த்தேன்."

அதை நம்பத்தான் பார்க்கிறேன், அண்ணா. சில நாள் முடிகிறது.