கேரிபேக் கோட்டு

முள்ளிப்பட்டு,
5.2.2003

அன்புள்ள இனியா,

இந்தக் கடிதம் கோட்டின் உள்பையில் இருக்கும். முதலில் கோட்டைப் போட்டுப் பார், பிறகு படி. கை நுழையும் இடம் இறுக்கமாக இருந்தால் பக்கத்துத் தையலைப் பிரி, இரண்டு விரல் அகலம் வரும்.

தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் பையில் உடுத்துகிற துணி செய்ய வேண்டும், காலேஜில் போட்டி என்று நீ எழுதியபோது இதெல்லாம் நடக்கிற காரியமா என்றுதான் நினைத்தேன். ஆரணி ஜவுளிக்கடைப் பைகளே சிவப்பிலும் மஞ்சளிலும் நிறையக் கிடைத்தன. நீலம் மட்டும் கிடைக்காமல், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பொறுக்கினேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அரை நாள் போய்விட்டது. "என்னாடி, குப்பைக்காரி ஆயிட்டியா? உன்ன பொண்ணு பார்க்க வர்றவங்க பூவுக்கு பதிலா கோணி எடுத்துகினு வரப் போறாங்க" என்று அம்மா கேலி செய்தாள்.

பைகளைக் கழுவி, விரல் அகலக் கீற்றாக வெட்டி, ஒன்றோடொன்று கோத்து, அதைக் குறுக்கே ஓடும் ஊடையாக வைத்து நெய்தேன். நெடுக்கே ஓடும் பாவு நூல் அப்பாவின் தறியில் இருந்ததுதான். கடைசிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்த பிறகு பாவில் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த பாவைப் பிணைக்க ஒரு சாண் விட்டுவிட்டு மீதியில் நெய்தேன். "பட்டு நெய்யிற தறியில பிளாஸ்டிக்கா? முதலாளி பார்த்தாருன்னா நம்மளயும் சேர்த்து குப்பையில போட்டுடுவாரு" என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு அவரே எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உள்பக்கம் அம்மாவின் பழைய மெல்லிய பருத்திப் புடவை வைத்துத் தைத்திருக்கிறேன். வியர்க்காது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. என் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது. யாராவது என்னைக் கூப்பிட்டு விசாரித்தால் எனக்கு நாக்கு எழாது. எட்டாவதோடு நின்றவள் செய்து கொடுத்தாள் என்றால் உனக்கும் மதிப்பு இல்லை. நீயே நெய்ததாக இருக்கட்டும். என்மேல் சத்தியம்.

உங்கப்பாவின் பஸ் நாளைக் காலையில் சென்னைக்குப் போகிறதாம். டிக்கெட் பையோடு இதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார்.

உன் பரிமளா


மாணவியர் விடுதி,
சென்னை,
19.2.2003

என் தங்கமான பரி,

முதல் பரிசு!

நடக்கும்போது கோட்டு சரசரவென்று சத்தம் போட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். தலைமை விருந்தினராக வந்த அம்மையார் மேடைக்கே வந்து தொட்டுப் பார்த்து, "இது பட்டா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். "நீயே நெய்தாயா?" என்றார். உன் பெயர் தொண்டை வரை வந்தது. சத்தியம் வாங்கிவிட்டாயே, பாவி. தலையை மட்டும் ஆட்டினேன். கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திருடி மாதிரியும் இருந்தது.

நீ ஒரு வரி எழுது போதும். எங்கள் மேடத்திடம் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

பேப்பரில் வந்ததை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பரிசில் இரண்டு பேனா இருந்தது. இரண்டில் நல்லதை உனக்கு அனுப்புகிறேன்.

இனியா


முள்ளிப்பட்டு,
26.2.2003

அன்புள்ள இனியா,

பேப்பர் துண்டும் பேனாவும் வந்தன. போட்டோவில் கோட்டு நன்றாக இருக்கிறது. நீயும் நன்றாக இருக்கிறாய்.

"ஆரணிப் பகுதி மாணவியின் கைவண்ணம்" என்று அப்பா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். "நம்ம தறியில நெய்ஞ்சதுன்னு ஒரு வார்த்தை வந்திருக்கலாமே" என்றார். நான்தான் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன் என்றேன். "நீ கூச்சத்துல சொல்றேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா? வேணாம்னா அப்படியே உட்டுடறதா?" என்றார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

எதிர்வீட்டுப் பச்சையம்மாள் அக்காவும் வந்து பார்த்தார்கள். "என்னா வேலைப்பாடு, இந்தப் பொண்ணு கைக்கு தங்க மோதிரம் போடணும்" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைத் தூக்கவில்லை.

மேடத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ செய்தது சரிதான். பரீட்சைக்கு நன்றாகப் படி.

பரிமளா


சென்னை,
9.3.2003

அன்புள்ள பரி,

உன் கடிதம் ஏனோ சின்னதாக இருந்தது. கோபமா? கோபம் என்றால் திட்டி எழுது, இப்படி நல்லவள் மாதிரி எழுதாதே.

ஒரு பெரிய செய்தி. வடக்கே ஒரு பயிற்சி நிலையத்தில் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் துணி வடிவமைப்பு சொல்லித் தருகிறார்களாம். எங்கள் காலேஜிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம். மேடம் என் பெயரை நினைத்திருக்கிறார்கள். ஆனால் 28ஆம் தேதி அந்த நிலையத்துக்காரர்கள் முன்னால் நான் நெய்து காட்ட வேண்டும். இங்கே துறையில் ஒரு சின்னத் தறி இருக்கிறது. சீனியர் அக்காக்களின் பாவு அதில் ஓடுகிறது. 27ஆம் தேதிதான் எனக்குக் கிடைக்கும். அன்றைக்குத் தொடங்கி, மறுநாள் அவர்கள் பார்க்க அறுத்துக் காட்ட வேண்டும். நெய்து பழக நேரமே இல்லை.

நீ வா, பரி. அப்பா பஸ்ஸிலேயே வந்துவிடலாம். பக்கத்தில் நில், போதும். பேசுவதை எல்லாம் நான் பேசுகிறேன். எட்டாவதில் உனக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொன்னது யார்? நீ வந்தால் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடலாம். வரவே முடியாது என்றால் ஒன்றுவிடாமல் செய்முறை எழுது. தறியில் உட்காரத் தெரியும், ஆனால் பிளாஸ்டிக் ஊடை எனக்குப் புதுசு. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

இனியா


முள்ளிப்பட்டு,
15.3.2003

அன்புள்ள இனியா,

என்னால் வர முடியாது. கல்யாண முகூர்த்த மாதம், தறியில் அப்பாவோடு உட்கார்ந்து சேலைக் கரை பிடிக்க வேறு ஆள் இல்லை. அத்தனை பேர் முன்னால் நிற்கவும் என்னால் ஆகாது.

செய்முறை இதுதான். பையின் கைப்பிடியையும் அடியையும் வெட்டி எடுத்துவிடு. மீதியைக் குறுக்காக விரல் அகலம் வெட்டினால் வளையம் வளையமாக வரும். ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை விட்டு முடிந்துகொண்டே போ. முடிச்சு பெரிதாகக் கூடாது. ஊடை ஓட்டுகிற நாடாவுக்குள் அடங்காது, குச்சியில் சுற்றிக் கையாலேயே கோக்க வேண்டும். இரண்டு வரிசை பிளாஸ்டிக்குக்கு ஒரு வரிசை நூல் விடு. ஓரத்தில் இழுக்காதே. ஓங்கி அடிக்காதே. கடை எழுத்து அச்சடித்த பகுதி உள்பக்கம் போகட்டும், இல்லாவிட்டால் மை கையில் ஒட்டும்.

அவ்வளவுதான். நல்லபடியாக முடியும்.

பரிமளா


முள்ளிப்பட்டு,
28.3.2003

இனியா,

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் ஒரு வேலையை எழுதாமல் விட்டேன். மறந்து விடவில்லை. கோத்த கீற்றைக் குச்சியில் சுற்றும் முன்பு, முழம் முழமாகக் கையில் பிடித்து, இனி நீளாது என்கிறவரை ஒரு முறை இழுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் ரப்பர் மாதிரி. இழுக்காமல் நெய்தால் தறியில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அறுத்து எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். நான் முதலில் நெய்தது அப்படித்தான் கெட்டுப்போனது. நீ எல்லோர் முன்னாலும் அறுக்கப்போகிறாய் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன்.

எழுத உட்கார்ந்தபோது அந்த வரிதான் முதலில் வந்தது. பச்சையம்மாள் அக்கா சொன்னதும் அப்பா சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தன. சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியது நான். ஆனால் நீ சத்தியத்தை மீறியிருக்க வேண்டும் என்று உள்ளே ஆசைப்பட்டேன் போலிருக்கிறது. அது எனக்கே அந்தப் பேப்பரைப் பார்க்கும்வரை தெரியாது. நெய்ய முடியாமல் நீ நிற்க வேண்டும், அப்போது என்னைத் தேடுவாய் என்று நினைத்துவிட்டேன். உன் பயிற்சியைப் பற்றி நினைக்கவே இல்லை.

புதன்கிழமை மனசு கேட்காமல் அந்த வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உங்கப்பா பஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னாம்மா பரிமளா, பாப்பாவுக்கு எதுனா சொல்லணுமா?" என்று கேட்டார். இத்தனை நாள் கழித்து இதை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஏது என்று நீ கேட்பாயே, உங்கப்பா பிரித்துப் படித்தால் என்ன செய்வது என்று கையை மூடிக்கொண்டேன். "ஒன்னும் இல்லிங்கப்பா, சும்மா வந்தேன்" என்றேன். "சும்மா எல்லாம் இங்க வராதம்மா, பஸ் புகையில மூச்சு முட்டும்" என்று சிரித்தார். விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

என்னை மன்னி என்று எழுத எனக்கு அருகதை இல்லை.

பரிமளா


சென்னை,
3.4.2003

பரிமளாவுக்கு,

உன் கடிதம் 31ஆம் தேதி வந்தது.

28ஆம் தேதி அறுத்ததும் துணி என் கையிலேயே சுருண்டது. மறைக்கக்கூட முடியவில்லை. ஒருத்தி, "அப்பளம் பொரியுதுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம், "அந்தக் கோட்டை நீதான் நெய்தாயா, இனியா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் உன் பெயரைச் சொன்னேன். பரிசு வாங்கிய அன்று சொல்ல வேண்டிய பெயரை, மாட்டிக்கொண்ட பிறகு சொன்னேன். உன்னைப் பெருமைப்படுத்தச் சொல்லவில்லை, தப்பிக்கச் சொன்னேன். அந்த வெட்கம் என்னுடையது.

பயிற்சிக்கு வேறு ஒருத்தி போகிறாள்.

நீ மறந்திருப்பாய் என்றுதான் மூன்று நாள் நினைத்திருந்தேன். ரூமில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். மறந்திருப்பாள், பாவம், அவளுக்குத் தறி வேலை அதிகம் என்றேன்.

ஏப்ரல் 19ஆம் தேதி சனிக்கிழமை நீ இங்கே வந்து மாணவிகளுக்கு நெய்து காட்ட முடியுமா என்று மேடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். வருவதும் வராததும் உன் விருப்பம். எனக்குப் பதில் எழுத வேண்டாம், மேடத்துக்கு எழுது. விலாசம் பின்பக்கம்.

இனியா


முள்ளிப்பட்டு,
21.4.2003

இனியா,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இது ஒன்றுதான். இதோடு நிறுத்திவிடுகிறேன்.

சனிக்கிழமை நான் வந்தது உனக்குத் தெரியும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கப்பாவின் பஸ்ஸில் நாங்கள் ஏறவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.

நாற்பது பேராவது இருந்தார்கள். நீ இல்லை. நெய்யும்போது இரண்டு இழை அறுந்தது, பிணைத்துக்கொண்டேன். கீற்றை இழுக்கும்போது மேடம், "இதைத்தான் இனியா மறந்துவிட்டாள்" என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். அவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டிருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. அப்பாகூட ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் எழுந்து நின்றேன். அவள் மறக்கவில்லைங்க, நான்தான் வேண்டுமென்றே எழுதி அனுப்பவில்லை என்றேன். முதல் முறை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் இருந்த ஒருத்தி, "சத்தமா சொல்லுங்கக்கா" என்றாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம் இருக்கும். மறுபடியும் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பயிற்சி இடத்தை உனக்கே மாற்றித் தர முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். பெயர் அனுப்பியாகிவிட்டது, ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்றார்கள். என்னை அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கூச்சத்தால் இல்லை. உனக்குப் போன இடத்தில் நான் வந்து உட்காரக் கூடாது.

வரும் வழியில் காஞ்சிபுரம் தாண்டியதும் அப்பா, "அந்தப் பொண்ணு எத்தினி வாட்டி நம்ம வீட்ல உட்கார்ந்து பாடம் படிச்சிகினு இருந்துச்சி" என்றார்.

கிளம்பும் முன் உங்கள் விடுதி வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். உன் ரூமில் இருக்கும் ஆதிலட்சுமி என்கிற பெண் வெளியே வந்தாள். "நீங்க சாப்டீங்களான்னு இனியா கேட்டுகினு வரச் சொன்னா" என்றாள். மாடி ஜன்னலைப் பார்த்தேன். யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சாப்பிடவில்லை, இனியா. நானும் அப்பாவும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தால் நீ இறங்கி வந்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

பரிமளா