சாத்தே குச்சியும் இன்ஸ்பெக்டரும்

என்னங்க,

கம்பெனி பஸ் வர்ற நேரமாச்சு, கிளம்புறேன். கத்திரிக்காய் சாம்பார் அடுப்புல இருக்கு. சாயங்காலம் சிகாமட்லேருந்து ரயில்ல அத்தை வர்றாங்க, போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. கார் சாவி ஃபிரிட்ஜ் மேல.

நேத்து நீங்க போட்ட கொலைப் படத்தை, "பாட்டு இல்ல, சிரிப்பு இல்ல, இதெல்லாம் ஒரு படமா"ன்னு திட்டினேன்ல? நீங்க கோவிச்சுக்கிட்டுப் பாதியில எந்திரிச்சுப் போனப்புறம் முழுசாப் பார்த்துட்டேன். அலமாக், என்னா படம்! தம்பியைக் காப்பாத்த அந்த இன்ஸ்பெக்டர் ரத்தக் கத்தியை ஆத்துல வீசப் போறப்போ, தப்புன்னு தெரிஞ்சும் "சீக்கிரம் போடுயா"ன்னு கத்திட்டேன்.

காலையில அத்தைக்காகக் காரைச் சுத்தம் பண்ணினேன். உங்க சீட்டுக்கு அடியில கோழிக்கறி குத்திச் சுட்ட சாத்தே குச்சிங்க! புரட்டாசி முழுக்க சைவம்னு அத்தைகிட்ட சத்தியம் பண்ணது யாரு? படம் பார்க்காம இருந்திருந்தா அப்படியே அவங்க கையில கொடுத்திருப்பேன். இன்ஸ்பெக்டரை நினைச்சுக்கிட்டு, பேப்பர்ல சுத்தி முச்சந்திக் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்.

பிரவீனா

நீலச் சட்டையில சாத்தேக்குத் தொட்டுக்கிற கடலைக் குழம்புக் கறை. அதையும் ஊறப் போட்டிருக்கேன்.

புரட்டாசி முடிஞ்ச மறுநாள் எனக்கும் சாத்தே வேணும். படத்தோட முடிவு உங்களுக்குத் தெரியாதுல்ல? கடைசியில தம்பியைக் காட்டிக் கொடுக்குறது அவன் பொண்டாட்டிதான்.