முட்டை உங்களுக்குத்தான்

அம்மா,

மேசையில் துணி போட்டு மூடியிருப்பது தோர்த்தா. யாருக்கும் பிறந்தநாள் இல்லை. தோர்த்தா என்றாலும் இது கேக் இல்லை, மாவுக்குள் மாட்டிறைச்சியும் அவித்த முட்டையும் வைத்துச் சுட்டது. செய்முறை நீங்கள் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவுடையது, மிளகாய்த்தூள் எங்களுடையது.

பங்குச் சுவாமியின் குரலில் அறிவிக்கிறேன்: தவக்காலம் முடிந்தது, ஆண்டவர் நேற்றே உயிர்த்துவிட்டார், நீங்களும் மச்சம் மாமிசம் சாப்பிடலாம். இரத்தம் குறைவு, இறைச்சியும் முட்டையும்தான் மருந்து என்று டொக்டர் சொன்னதைக் கேட்காமல் நேற்றுப் பூசையில் தலைசுற்றிச் சாய்ந்தீர்கள். வீட்டுக்கு வந்தும், "எனக்கு ஒண்டுமில்லையடா, நீ சாப்பிடு" என்றீர்கள். அதனால்தான் கத்தினேன். கத்தியது பிழை, சொன்னது சரி.

நண்பர்களோடு மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகிறேன். பின்னேரம் றஜிதா மாமி உங்களைப் பார்க்க வருவா.

சின்ன வயதிலிருந்து உங்கள் முட்டையை என் சாப்பாட்டுக் கோப்பைக்குத் தள்ளித் தள்ளியே என்னை இவ்வளவு உயரமாக்கினீர்கள். நன்றி அம்மா. இனியும் வளர்ந்தால் கதவில் தலை முட்டும்.

ஜெறோம்

பி.கு.: என் பங்கை முட்டையோடு சாப்பிட்டுவிட்டேன். உங்கள் துண்டில் இருப்பதைத் தோண்டி எனக்கு எடுத்து வைத்தால், வந்து மாமிக்கு முன்னால் உங்களுக்கு ஊட்டிவிடுவேன்.