பிழை உங்கள் காலில் இல்லை

மச்சான்,

நேற்று நம் கார் மீராசா மாமாவின் சைக்கிளில் தட்டி அவர் விழுந்ததிலிருந்து நீங்கள் யாரோடும் கதைக்கவில்லை. "கண்ண எங்க வெச்சி ஓட்டினீங்க?" என்று நானும் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

இன்று சுபஹ் தொழுதுவிட்டு, கராஜ் றம்ஸீன் போனில் சொன்னபடி காரைப் பார்த்தேன். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் பல தடவை மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தேன். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டுமாம். இறங்கவே இல்லை, கல் மாதிரி நின்றது. பொனற்றைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம். எஞ்சினிலிருந்து, மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் றப்பர் குழாய் வெடித்திருக்கிறது.

நீங்கள் மிதித்திருக்கிறீர்கள். பிரேக்தான் பிடிக்கவில்லை.

குழாயை மட்டும் மாற்றிப் பார்ப்போம், பூஸ்டருக்குச் செலவழிக்கத் தேவைப்படாது என்கிறார் றம்ஸீன். பத்து மணிபோல வருவார். அதுவரை காரை எடுக்க வேண்டாம். நான் வேலைக்குப் போகிறேன். சாவியைக் கொண்டுபோகவில்லை, மேசையில் இருக்கிறது. இடியப்பம் மூடி வைத்திருக்கிறேன்.

நிப்லா

மாமாவின் வீட்டுக்கும் போன் எடுத்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும், அல்ஹம்துலில்லாஹ். "என்ன விடு புள்ள, உன்ட மாப்பிளதான் நடுங்கிப் போய் நின்டாரு. இப்ப எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார். "அவரே வந்து சொல்லுவாரு" என்றேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்து போய் நீங்களே சொல்லுங்கள்.